எந்த நம்பரில் வைப்பது? ஆம்பூரிலிருந்து வேலூருக்கு, பிக்கப்பின் பின்னால் படுத்தபடி

என் அக்கா மகன் ஜெகன் போன மாதம் ஒரு பிக்கப் வாங்கினான். பின்சக்கர ஷாக் அப்சார்பரில் ஒரு குமிழ் இருக்கிறதாம். திருகினால் இளகுமாம், இறுகுமாம். "சித்தி, ஊர் ஊரா சுத்தி எழுதுறியே, இதை எந்த நம்பர்ல வைக்கணும்னு சொல்லேன் பாக்கலாம்" என்று கேட்டான். கிண்டல்தான். சித்திக்குக் கோயில் குளம் தவிர என்ன தெரியும் என்கிற நினைப்பு. அடேய், எனக்கு அது தெரியும். எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம், ஆம்பூரிலிருந்து வேலூர் வரை ஐம்பது கிலோமீட்டர் ஒரு பிக்கப்பின் பின்னால் மல்லாந்து படுத்துக் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர். தைத்து வரும் மேல்தோலைப் புரட்டிப் பார்த்து, பிசகு இருக்கும் இடத்தில் வெள்ளிப் பென்சிலால் கோடு போட வேண்டும். இவர், அதாவது என் வீட்டுக்காரர் ஞானம், தோல் பதனிடும் டேனரி ஒன்றில் லோடுமேன். ஒரு நாள் தோலை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்பும்போது, பள்ளிகொண்டாவுக்கும் மாதனூருக்கும் நடுவில் ஒரு சிறுபாலத்தில் வண்டி துள்ளியது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் ரோட்டில் போய் விழுந்தார். முதுகெலும்பில் அடி. வேலூர் ஆஸ்பத்திரியில் எட்டு வாரம் பலகைமேல் படுக்கை. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை. ஏழாவது வாரம் இடது கால் கட்டைவிரல் மட்டும் லேசாக ஆடியது. நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன்.

டாக்டரம்மா வீட்டுக்குப் போகலாம் என்றார். "விரல் ஆடுறது நல்ல சேதிம்மா. ஆனா வழியில ஒரு பெரிய குலுக்கல் போதும், அதுவும் நின்னுடலாம். நீட்டிப் படுக்கவெச்சு, குலுங்காம கொண்டு போங்க." ஆம்புலன்ஸ் அவசரக் கேஸ்களுக்கே போதவில்லை. காரில் நீட்டிப் படுக்க முடியாது. ரயில் என்றால் படிக்கட்டில் தூக்க வேண்டும். அப்போதுதான் ஷபீர் பாய் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

ஷபீர் பாய் அந்த பிக்கப்பின் டிரைவர். ஆமாம், இவரைத் தூக்கிப் போட்ட அதே வண்டி. இவருக்கு உயிர்த் தோஸ்த். நான் அவரோடு பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"நான் இட்டுக்கினு வர்றேம்மா. ஷாக்கப்சர் மூணுல வெச்சிருக்கேன். அதான் இருக்கிறதிலயே ஜாஸ்தி டைட்டு. சவுதியிலருந்து என் தம்பி கொண்டாந்தது, ஒண்ணும் ஆவாது."

"அன்னிக்கும் மூணுலதான இருந்துச்சு?" என்று கேட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க சொல்றத நம்பி அவரைப் படுக்கவெக்க மாட்டேன் பாய். போறப்ப பின்னால நான் படுத்துக்கினு வர்றேன். எனக்குச் சரின்னு பட்டாத்தான் வர்றப்ப அவரு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பொம்பளைப் பிள்ளை நடுரோட்டில் படுத்துக்கொண்டு போவதா என்று. போனேன்.

காலை 5.40-க்கு ஆம்பூரை விட்டோம். வண்டித் தரையில் ஒரு பலகை, அதன்மேல் மெல்லிய பஞ்சு மெத்தை, எங்கள் செக்‌ஷனில் தைத்த நான்கு தோல் பெல்ட்டுகள். இவரைக் கட்டப்போகிற மாதிரியே என்னைக் கட்டச் சொன்னேன். கையில் வெள்ளிப் பென்சில். முதுகில் ஒரு குத்து விழுந்தால் பக்கப் பலகையில் ஒரு கோடு. கம்பெனியில் செய்கிற வேலைதான், தோலுக்குப் பதிலாக நான்.

முதலில் மாதனூர் வரை பதினொரு கிலோமீட்டர், மூன்றாம் நம்பர். சொல்கிறேன், கேளுங்கள். சின்னக் கல்கூட முதுகில் வந்து தட்டி விசாரித்துவிட்டுப் போனது. நாற்பத்தோரு கோடு. மாதனூரில் வண்டி நின்றபோது கண்ணில் தூசி விழாமல் முகத்தை முந்தானையால் மூடியிருந்தேன். கம்பெனி பஸ்சுக்கு நின்றிருந்த பெண்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயோ பாவம், யாருடி செத்தது?"

"நான்தான்டி" என்று முந்தானையை விலக்கினேன். ஒருத்தி போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். அத்தனை கவலையிலும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அங்கேதான் முதல் மாற்றம். இப்போதுபோல் குமிழ் கிடையாது. கீழ் போல்ட்டைக் கழற்றி, ஷாக் அப்சார்பரை முழுதாக உள்ளே அமுக்கித் திருக வேண்டும். கைக்குள் 'டக்' என்று விழும். மொத்தம் மூன்று நிலை. இரண்டு பக்கமும் சேர்த்து இருபது நிமிஷம். டீ அறுபது பைசா. பாய் ஒன்றாம் நம்பரில் வைத்தார்.

மாதனூர் முதல் பள்ளிகொண்டா வரை பதினைந்து கிலோமீட்டர், ஒன்றாம் நம்பர். பன்னிரண்டே கோடு. ஆகா, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறினால் வண்டி ஒரு தடவையோடு நிற்காமல் மூன்று தடவை ஊஞ்சலாடியது. பெல்ட்டுக்குள் உடம்பு மேலே போய்ப் போய் வந்தது. பள்ளிகொண்டாவில் இறங்கியதும் வாந்தி எடுத்தேன். குத்து இல்லாவிட்டால் போதும் என்று நினைத்தது தப்பு. அவர் முதுகு ஊஞ்சலும் ஆடக்கூடாது.

அடுத்து விரிஞ்சிபுரம் விலக்கு வரை இரண்டாம் நம்பர். பத்து கிலோமீட்டர், பத்தொன்பது கோடு. ஊஞ்சல் அடங்கியது. ஆனால் சிறுபாலங்களில் மட்டும் யாரோ அடியிலிருந்து எட்டி உதைத்த மாதிரி தூக்கிப்போட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் பார்த்தாயிற்று. மணி எட்டே கால். எனக்கு அழுகை முட்டியது.

பாய் போல்ட்டைக் கழற்றி வைத்திருந்தார். நான் பக்கத்தில் குந்தி அந்தக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அமுக்கினால் மெதுவாக உள்ளே போனது. விட்டால் தானாக வெளியே வரவே இல்லை.

"பாய், இது வண்டியைத் தாங்கவே தாங்காதே?"

"தாங்காதும்மா. பாரத்தைத் தாங்குறது இந்தப் பட்டை ஸ்பிரிங்தான். பட்டை அமுங்கித் துள்ளும்ல, அந்தத் துள்ளலைத்தான் இது புடிக்குது."

"அப்ப லோடு இருந்தா?"

"பட்டை நல்லா அமுங்கி வேகமா துள்ளும். கெட்டியாப் புடிக்கணும். மூணு."

"லோடு இல்லைனா?"

கேட்டுக்கொண்டே குனிந்து பட்டையைப் பார்த்தேன். ஒரு டன் தோலுக்காகப் போட்ட பட்டை. நாற்பத்திரண்டு கிலோ மனுஷிக்கு அது அமுங்குமா? அமுங்காத பட்டையை மூன்றில் பிடித்தால் வண்டிக்கும் கட்டைக்கும் என்ன வித்தியாசம்?

"அன்னிக்குத் தோலை எறக்கினப்பறம் கம்மி பண்ணீங்களா?"

"இல்லம்மா." கை கிரீஸோடு அப்படியே நின்றது. "போறப்ப லோடு, மூணுல சூப்பரா ஓடிச்சு. வர்றப்ப மாத்தியிருக்கணும். ஞானம் கூட சொன்னான், 'காலி வண்டி உதைக்குதுடா, மாத்து'ன்னு. இருபது நிமிஷம் பேஜாருடா, ஊட்டுக்குப் போய்ட்டு பாத்துக்கலாம்னேன். நான்தாம்மா... நான்தான்."

ஸ்பேனரை எடுத்து அவர்மேல் வீசினேன். உண்மையைச் சொல்கிறேனே, குறிபார்த்துத்தான் வீசினேன். மண்ணில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்துத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார். எட்டு வாரமாக மனதில் வைத்திருந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் தீர்த்தேன். தீர்ந்ததும் கேட்டேன், "சரி, பட்டை அமுங்கணும்னா இன்னா பண்ணணும்?"

"வெயிட் போடணும்." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாலாற்றுப் பக்கம் பார்த்தோம்.

விலக்கிலிருந்து ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர். மார்க்கபந்தீஸ்வரர் கோயில் கோபுரம் தாண்டி ஆற்றில் இறங்கினோம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல் வேண்டிய மட்டும். தோலுக்கு உப்பு வரும் காலிச் சாக்குகள் வண்டியிலேயே கிடந்தன. பதினான்கு மூட்டை. மணல் அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேர் கைகொடுத்தார்கள், ஆளுக்கு ஐந்து ரூபாய். மூட்டைகளைச் சமமாகப் பரப்பி, மேலே பலகை, மெத்தை. வண்டி நாலு விரல் இறங்கியது.

வேலூர் வரை பதினைந்து கிலோமீட்டர், மணலோடு இரண்டாம் நம்பர். பாய் மூன்று வைக்கலாம் என்றார், நான் மறுத்துவிட்டேன். முழு லோடுக்குத்தானே மூன்று? இது பாதி லோடு. நான்கு கோடு. நான்கே நான்கு. ஊஞ்சலும் ஒரு ஆட்டத்தோடு அடங்கிற்று. நான் படுத்தபடியே கேபின் கண்ணாடியைத் தட்டிச் சிரித்தேன்.

மதியம் 12.50-க்கு இவரோடு கிளம்பினோம். வேகம் இருபதைத் தாண்டக்கூடாது. நான் பக்கத்தில் குடையோடு. ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். பள்ளிகொண்டா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி தானே நின்றது. நான் தட்டவில்லை. பாய் இறங்கி முன்னால் நடந்து போனார். எட்டிப் பார்த்தேன். அந்தச் சிறுபாலம். கல்லை எல்லாம் காலால் ஓரம் தள்ளினார், திரும்பி வந்தார், என் முகத்தைப் பார்க்காமல் ஏறினார். வண்டி ஊர்ந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. பென்சிலைப் பலகையில் வைத்தபடி காத்திருந்தேன், கோடு போட ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கம் போய் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "இன்னா சொன்னான்? இடிச்சுதா?"

"மெதுவா பேசுங்க பாய். தூங்குறாரு."

ஷபீர் பாய் ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, லுங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார். நான் இறங்கிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன். காலையில் ஸ்பேனரை வீசிய கையால் அவருக்கு நான் கொடுத்த முதல் பொருள் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை 4.10-க்கு ஆம்பூர். போர்வையை விலக்கி, "ஆட்டுங்க பாக்கலாம்" என்றேன். இடது கட்டைவிரல் ஆடியது. பிறகு, யாரும் கேட்காமலே, பக்கத்து விரலும். அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தடியை ஊன்றிச் சர்ச்சுக்கு நடந்தே வந்தார். இப்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டு, நாற்பத்தோரு கோடு என்பது பொய், நீ அதிகம் போட்டிருப்பாய் என்கிறார்.

போகிறவர்களுக்கு: இப்போது ஆம்பூர்–வேலூர் அகல ரோடு, ஒரு மணி நேரம் போதும். விரிஞ்சிபுரம் கோயிலுக்கு நேரம் ஒதுக்குங்கள், நான் அன்றைக்கு உள்ளேயே போகவில்லை. இளகலாக வைத்தால் ஊஞ்சல், இறுக்கமாக வைத்தால் குத்து. பாரம் ஏறினால் இறுக்கு, இறங்கினால் இளக்கு. இரண்டு பக்கமும் ஒரே நம்பர்.

ஜெகன், உனக்கு மட்டும் இன்னொன்று. உன் வண்டியில் குமிழைத் திருக இருபது நிமிஷம் ஆகாது, இருபது விநாடிதான். லோடு இறக்கியதும் நீ திருகாமல் கிளம்பினாய் என்று காதில் விழுந்தால், ஸ்பேனரோடு வருவேன். இந்தத் தடவை குறி தப்பாது.