முன் சீட்டு கியாரண்டி

பழைய ஜீப்புக்கு வேக்குவம் ஹோஸ் மாற்றுகிறவனுக்கு இரண்டு வேலை: கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை அடைப்பது, அடைத்துவிட்டேன் என்று வண்டிக்காரரை நம்ப வைப்பது. இரண்டாவதுதான் இடுப்பை ஒடிக்கும். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் ரோட்டில் இருபது வருடமாக ஷெட் வைத்திருக்கிறேன். நீங்களும் ஒரு பழைய ஜீப்பைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர் என்றால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் பக்கமிருந்து காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய்கள் சில உண்டு. அதில் தடியான ஒன்று பிரேக்குக்குப் போகிறது. அந்த உறிஞ்சல் சரியாக இருந்தால் பிரேக்கை விரல் நுனியால் மிதிக்கலாம். குழாயில் கீறல் விழுந்தால் பிரேக் இருக்கும், மிதிக்கத்தான் பயில்வான் வேண்டும். எங்கள் ஊர்க் குளிரும் எஞ்சின் சூடும் மாறி மாறி அடித்தால் எந்த ரப்பரும் வெடிக்கும்.

எழுந்து நின்று பிரேக்

புஷ்பம் பதினைந்து வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எஸ்டேட் கழித்துவிட்ட ஒரு டீசல் ஜீப்பை வாங்கி, தானே ஓட்டக் கற்று, பஸ் எட்டிப் பார்க்காத தோட்டக் குடியிருப்பான தன் லயத்து ஆட்களை டவுனுக்கு ஏற்றி இறக்குகிறார். ஒரு சாயங்காலம் ஷெட்டுக்கு வந்து, "எந்திரிச்சு நின்னுதான் பிரேக் புடிக்கிறேன் அண்ணே" என்றார். பார்த்தேன். பிரேக் ஹோஸ் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

சரியான ஹோஸ் கோயமுத்தூரிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். மறுநாள் காலையில் லயத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை, வண்டி கட்டாயம் வேண்டும் என்றார். என் ஷெட்டில் தேயிலைக்கு மருந்தடிக்கும் பம்பின் டியூப் ஒரு சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. அளவு கச்சிதம். வெட்டி மாட்டி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினேன். பெடல் பஞ்சாக இறங்கியது. எனக்கே என் மூளையை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. "எவ்வளவு பிரஷர் அடிச்சாலும் தாங்கும் அம்மிணி, அப்புறமா ஒரிஜினல் போட்டுக்கலாம்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். புஷ்பம் அந்த டியூப்பைத் தொட்டுப் பார்த்தார். பதினைந்து வருடம் அதைத் தோட்டத்தில் பார்த்த கண் அல்லவா?

"பூச்சிக்கு அடிக்கிறது பிரேக்குக்கு ஆகுமா அண்ணே? சரி, நீங்க சொன்னா சரி."

பொட்டு வைத்த எஞ்சின்

அதே வாரம் ஒரு பெட்ரோல் ஜீப் வந்தது. பெட்ரோல் வண்டியில் பென்சில் மொத்தத்தில் ஒரு டஜன் சின்னக் குழாய்கள், இடியாப்பம் மாதிரி பின்னிக் கிடக்கும். ஒன்றை மாற்றிச் சொருகினால் வண்டிக்கு விக்கல் வரும். எனவே நான் ஒரு உபாயம் வைத்திருக்கிறேன். என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையைத் திருடி, குழாயின் நுனிக்கு ஒன்று, அது சேரும் இடத்துக்கு ஒன்று, ஜோடி ஜோடியாக நிறம் பார்த்து ஒட்டிவிடுவேன். எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வண்டிக்காரர் அரவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒழுங்கு என்றால் உயிர். திரும்பி வந்து பார்த்தால் எஞ்சின் அமங்கலமாக நிற்கிறது, ஒரு பொட்டு இல்லை. அவரோ துணியில் கை துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவர்மேல் கோபிக்கவும் முடியவில்லை.

"ஏனுங்க, யாரோ பசங்க வண்டியெல்லாம் பொட்டு ஒட்டிருக்காங்க. எல்லாத்தையும் சுத்தமா எடுத்துட்டேனுங்க. வீணாக்கலை, சைடு கண்ணாடியில வரிசையா ஒட்டி வச்சிருக்கேன்."

சீறுகிற ஜீப்

மசினகுடியிலிருந்து ஒரு சஃபாரி டிரைவர் வந்தார். எஞ்சின் ஓடியபடியே வண்டியை நிறுத்தினால் பானெட்டுக்குள் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறியது. குழாயின் வளைவில் நெல்மணி அளவுக்கு ஓட்டை. ஐந்து நிமிட வேலை, கழற்றக் கை வைத்தேன். மனிதர் தயங்கித் தயங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, மாற்றித்தான் அனுப்பினேன். ஆனால் அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது, பாவம்.

"நாலு நாளா மானும் மயிலுந்தானுங்க, புலி கண்ணுலயே படலை. நிறுத்தின எடத்துல இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் டூரிஸ்ட்டுங்க 'பாம்பு, பாம்பு'ன்னு சந்தோசமாத் திரும்பிப் போறாங்க. லீவு முடியிற வரைக்கும் அப்படியே உட்டுருங்களேன்."

மூன்றாவது மிதி

அடுத்த வாரமும் நான் ஒரிஜினல் ஹோஸுக்குச் சொல்லி அனுப்பவில்லை. பெடல் நன்றாக இருக்கிறது என்று புஷ்பம் சொல்லியிருந்தார், நானும் மறந்துபோனேன். மறந்தேன் என்பதுகூடப் பொய், சோம்பல்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்து ஆறு பெண்களோடு போயிருக்கிறார். ரோடு முதலில் மூச்சு முட்ட ஏறும், பிறகு லயம் வரை ஒரே இறக்கம். இறக்கத்தில் முதல் இரண்டு மிதி ஒழுங்காகப் பிடித்ததாம். மூன்றாவது மிதி கல். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மண் மேடு. புஷ்பம் கியரைக் குறைத்து, வண்டியை மேட்டோடு உரசி நிறுத்தியிருக்கிறார். மாரியாயி என்கிற பெரியவருக்கு நெற்றியில் புடைப்பு, மற்றவர்களுக்கு வெறும் பயம். அரை மணி கழித்து மிதித்தால் பிரேக் பஞ்சாக இறங்குகிறது. அதனால் கூட வந்தவர்கள் பிரேக்கைக் குற்றம் சொல்லவில்லை, ஓட்டியவரைச் சொன்னார்கள். மறுநாள் வண்டியில் ஏற ஒருவரும் வரவில்லை.

என்னிடம் வந்ததும் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஓடும்போதே பானெட்டைத் திறந்தேன். டியூப் ரிப்பன் மாதிரி சப்பிக் கிடந்தது. எஞ்சினை நிறுத்தினேன். மெல்ல உப்பி, ஒன்றும் தெரியாத பிள்ளையாக நின்றது. உள்ளிருந்து தள்ளுவதைத் தாங்குகிற டியூப் அது. சூட்டில் இளகினால் உறிஞ்சுவதைத் தாங்காது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம், எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ஆறு பெண்கள், ஓட்டியவரோடு ஏழு. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். புஷ்பம் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியாம இல்லைதானே அண்ணே?"

முன் சீட்டு

நானே கோயமுத்தூர் போய், உள்ளே நூல் வைத்த தடித்த ஹோஸை வாங்கி வந்து மாட்டினேன். மலை ஏறி இறங்கி மூன்று தடவை பார்த்தேன். வண்டி சரியாகிவிட்டது. புஷ்பத்தின் பெயர் சரியாகவில்லை. அதற்கு ஷெட்டில் ஸ்பேர் கிடையாது.

அடுத்த ஞாயிறு சந்தை முனைக்குப் போனேன். புஷ்பம் காலி ஜீப்போடு நிற்க, அந்தப் பெண்கள் பைகளோடு தள்ளி நின்று வேறு வண்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சப்பிப்போன டியூப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றேன். "மருந்து டியூப்பை பிரேக்குக்குப் போட்டது நானுங்க. பள்ளத்துல போகாம வண்டி நின்னதுக்கு இவங்க கைதான் காரணம். தப்பு என்னோடது" என்றேன். டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லோரும் பார்த்தார்கள். மாரியாயி டியூப்பை வாங்கிப் பார்த்தார், தடவினார், தன் நெற்றிப் புடைப்பையும் ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு அரிசி மூட்டையைத் தூக்கி ஜீப்புக்குள் போட்டார். மற்ற ஐந்து பேரும் பின்னால் ஏறினார்கள். நான் விடைபெறத் திரும்பினேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தது மாரியாயியின் கை.

"எங்க போறீங்க தம்பி? முன்னால ஏறுங்க. பிரேக்கு புடிச்சா எல்லாரும் எறங்குவோம், புடிக்கலைன்னா மொதல்ல நீங்க எறங்குங்க."

ஆகவே சக பாவிகளே, பிரேக் ஹோஸ் மாற்றிய மெக்கானிக்கிடம் கியாரண்டி கார்டு கேட்காதீர்கள், இறக்கம் முடியும் வரை முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள், நான் இப்போது மாதத்தில் பாதி நாள் அப்படித்தான் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.