பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற கம்பெனி. அதன் ஸ்டோர்ஸ் சாஃப்ட்வேரை எழுதினவன் நான். பதினாறு வருஷமாக ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவனும் நானேதான். போன வருஷம் முதலாளி திடீரென்று, "இதையே சரிபண்ணி ஓட்டலாமா, இல்ல அடியோட தூக்கிட்டுப் புதுசா கட்டலாமா? நீங்களே யோசிச்சு எழுதிக் குடுங்க" என்றார். அடுத்த வாரமே வெளியிலிருந்து ரெண்டு சாஃப்ட்வேர் ஆட்களைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். அப்படியென்றால் என்னைக் கேட்டது சும்மா ஒப்புக்குத்தானே? புதுசு வந்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை? ஐம்பத்திரண்டு வயசுக்காரனை எவன் கூப்பிடுவான்?

அந்த ரெண்டு பேரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேராக ஸ்டோர்ஸ் அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் சேக்காட்டிலிருந்து வருகிறவர், பதினோரு வருஷமாக என் சாஃப்ட்வேரில்தான் வேலை பார்க்கிறார். மூன்று நாள் குசுகுசுவென்று பேச்சு. நான் உள்ளே நுழைந்தால் கப்சிப். அவர்களுக்குத் தன் டப்பாவிலிருந்து எலுமிச்சம் சாதம் வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோடு ஏற்றுகிறவர் என்னைப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, உன் சாப்ட்வேருக்கு சங்கு ஊதப் போறாங்களாமே? அந்தம்மா எல்லாத்தயும் புட்டுப்புட்டு வெச்சிக்கினு கீது" என்றார்.

அன்றோடு அந்தம்மாவிடம் பேச்சை நிறுத்தினேன். அவர் குட் மார்னிங் சொன்னாலும் மானிட்டரைத்தான் பார்த்தேன்.

பழசையே சரிபண்ணலாம் என்று நாலு பக்கம் எழுதினேன். தப்பெல்லாம் என்னுடையதில்லை, அந்தம்மா செய்கிற குளறுபடிதான் என்று முதலாளிக்குக் காட்ட வேண்டுமே! தேடினேன். கிடைத்தது. சரக்குப் பட்டியலில் பம்புக்குப் போடுகிற ரப்பர் வளையங்கள் முந்நூறுக்கு மேல், ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி. பெயர்களில் ஒட்டுகிற இந்த மாதிரிக் குப்பையை வருஷக் கடைசியில் துடைக்க நானே முன்பே ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. வேண்டுமென்றே செய்கிறார், சந்தேகமே இல்லை என்று முடிவுகட்டினேன்.

பிரின்ட் எடுத்த தாளை அவர் மேஜையில் வீசினேன். "என்னம்மா இது? யார் சொல்லி இந்தப் புள்ளிய வெச்சீங்க?"

எழுந்து நின்றார். "அதெல்லாம் பழைய சரக்கு சார். ரப்பர் இறுகிப்போயிருக்கும். அனுப்பறதுக்கு முன்னாடி கையால அழுத்திப் பாக்கணும்னு ஒரு அடையாளம்."

"அதுக்குன்னு திரையில தனியா ஒரு கட்டம் கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனே சார். மூணு வாட்டி. பாக்கலாம்னீங்க." கொஞ்சம் தயங்கினார். "வருஷா வருஷம் எல்லாப் புள்ளியும் எப்படியோ காணாமப் போயிடுது. ஏன்னே தெரியல. ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து மறுபடி போடுவேன். இதத்தான் அவங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன். நீங்க உள்ள வந்தா, உங்களக் குறை சொல்றதா நெனச்சுப்பீங்கன்னு நிறுத்திடுவேன்."

காதெல்லாம் சுட்டது எனக்கு. சே, என்ன மனுஷன் நான்!

நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு, புதுசாகவே கட்டிவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். ஏன் என்றார். "பழசுக்குள்ள என்ன இருக்குன்னு எழுதினவனுக்கே தெரியல சார்" என்றேன். புதுசு ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் இருங்கள் என்றார். அதற்கப்புறம் என்னவென்று நான் கேட்கவில்லை.

அந்தப் புள்ளிகளைத் துடைத்தது யாரென்று மட்டும் இன்னும் அந்தம்மாவிடம் சொல்லவில்லை.