அண்ணன் இறக்கிய ஆட்டின் ஐந்து

என் அண்ணன் மெர்போக்கிலிருந்து சுங்கைப் பட்டாணியில் இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பிள்ளைகள். அதில் ஒன்று என் மகள், இரண்டாம் வகுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவது சீட்டாட்டத்தைப் பற்றி. ஒரு ஆட்டம் தோற்றதற்கா இத்தனை பயம் என்று யாரும் கேட்கக் கூடாது.

நானும் அண்ணனும் பிரிட்ஜ் ஆடுவோம். சனிக்கிழமை பிற்பகல், பட்டணத்தில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேலே ஒரு மாடி அறை, நான்கு மேசை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்ற சீன ஆசிரியர்கள். தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒருவர் எனக்குப் பழக்கிவிட்டார், நான் அண்ணனை இழுத்துக்கொண்டு போனேன். ஆறு வருடம் ஆகிறது. எனக்குப் பொறுமை கிடையாது, வாயும் நீளம். அண்ணன் நிதானம். விழுந்த சீட்டு ஒவ்வொன்றும் அவர் தலையில் இருக்கும்.

துருப்பு இல்லாத ஆட்டத்தில் எதிராளி மொத்தம் பதின்மூன்று பிடியில் ஒன்பது எடுப்பேன் என்று சொன்னால், அவரைக் கவிழ்க்க நமக்கு ஐந்து பிடி வேண்டும். துருப்பு இல்லாததால் யாரும் வெட்ட முடியாது. ஒரே வகையை விடாமல் இறக்கி மற்றவர்களிடம் இருக்கும் அந்த வகைச் சீட்டையெல்லாம் காலி செய்துவிட்டால், கடைசியில் நம் கையில் இருக்கும் இரண்டாம் நம்பர் சீட்டுகூடப் பிடி எடுக்கும். அதனால் கூட்டாளி முதலில் எதை இறக்கினாரோ அதையே நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேசக் கூடாது, கண்ணைக் காட்டக் கூடாது. சீட்டைப் பார்த்துத்தான் கூட்டாளியின் மனசைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்றைக்கு எதிரில் ஒரு ஆசிரியை மூன்று நோ டிரம்ப் எடுத்தார், அதாவது துருப்பு இல்லாமல் ஒன்பது பிடி. முதல் சீட்டு அண்ணனுடையது. ஆட்டின் ஐந்து, சிவப்பு இதயம் போட்ட வகையில் ஐந்து, இறக்கினார். நீளமான வகையில் மேலிருந்து நான்காவது சீட்டை இறக்குவது எங்கள் வழக்கம். என்னிடம் ஆட்டின் ஏஸ் இருந்தது, பிடித்தேன். உடனே ஆட்டின் ஒன்பதைத் திருப்பிக் கொடுத்தேன். ஆசிரியை ராணியைப் போட்டார். அண்ணன் ராஜாவைப் போட்டுப் பிடித்தார். இரண்டு பிடி எங்களுக்கு. அவர் கையில் இன்னும் மூன்று ஆட்டின் இருந்தது. மூன்றும் பிடிதான். ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டால் போதும், ஆசிரியை கவிழ்ந்தார்.

அண்ணன் தன் கையிலிருந்த சீட்டுகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இஸ்பேட் நான்கு இறக்கினார்.

மிச்சப் பிடியில் ஒன்பதை ஆசிரியை அள்ளிக்கொண்டார். அந்த மூன்று ஆட்டினும் அண்ணன் கையிலிருந்து குப்பையாக விழுந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"ஆட்டின வச்சிக்கிட்டு என்னாண்ணே பண்ணுனீங்க? ஊறுகா போடவா?"

ஆசிரியை சிரித்துக்கொண்டே மலாயில் 'தாப்பா லா' என்றார், பரவாயில்லை விடு என்கிற மாதிரி.

அண்ணன் சிரிக்கவில்லை. "ஆட்டின் டீச்சர் சீட்டும்மா. அவங்க எறக்குனாங்க, நான் பிடிச்சேன். அதையே எதுக்கு நான் திரும்பப் போடணும்?"

"அவங்க எங்க எறக்குனாங்க? மொத சீட்டு நீங்கதான். அஞ்சு எறக்குனீங்க."

"நானா?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். சமாளிக்கிறவர் முகம் அது இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் தன் கையால் வைத்த சீட்டு அவர் நினைவில் இல்லவே இல்லை. மறுநாள் ஞாயிறு. எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு பள்ளி நாள்.

அடுத்த இரண்டு ஆட்டத்தையும் அவர் பிசகாமல் ஆடினார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத ஒன்று இன்னும் மோசம்.

அடுத்து நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை என் மகளை வேனில் ஏற்றவில்லை. ஷிப்ட் மாறிவிட்டது, நானே மோட்டாரில் விட்டுவிடுகிறேன் என்று அண்ணனிடம் பொய் சொன்னேன். மற்ற பதினோரு பிள்ளைகளும் அவரோடு போனார்கள். நான் மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வேனுக்குப் பின்னாலேயே போனேன். ஐந்து நாளும் அப்படித்தான். எனக்கு என்ன நினைப்பு, பின்னால் போனால் வேனைக் கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்றா? ஆனால் போகாமல் இருக்கவும் முடியவில்லை.

புதன்கிழமை பெரிய சாலைச் சந்திப்பில் வேன் நின்றது. வலது பக்கம் திரும்ப வேண்டும். வேனின் வலது பக்க விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, சாலை காலியாக இருந்தும் வேன் நகரவில்லை. எனக்குப் பின்னால் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஹார்ன் அடித்தது. பின் கண்ணாடி வழியாகப் பிள்ளைகள் என் மகளுக்குக் கை காட்டினார்கள். திடீரென்று வேன் இடது பக்கம் திரும்பியது, இன்னொரு லாரிக்கு முன்னால். அந்த லாரிக்காரன் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"மாமா ஏன்மா அங்கிட்டுப் போறாரு?" என்றாள் மகள்.

வேன் கொஞ்ச தூரம் போய் வளைத்துத் திரும்பி வந்தது. பிள்ளைகள் பள்ளியில் இறங்கினார்கள், ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஊரில் எல்லாரையும் திட்டுகிற வாய். என் அண்ணனுக்கு மூளை தடுமாறுகிறது என்று சொல்ல மட்டும் அதற்குத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமையும் பதினோரு பேரும் போனார்கள்.

சனிக்கிழமை மாடிப்படி ஏறும்போது அண்ணன் நின்றார்.

"பாப்பாவ ஏன் நிறுத்திட்ட?"

ஷிப்ட் என்று ஆரம்பித்தேன்.

"பொய் சொல்லாத. என் பின்னாடியே வந்த, கண்ணாடியில பாத்தேன். சரி, உன் பிள்ளைய எடுத்துக்கிட்ட. மத்த பதினொன்னு?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகளை ஏற்றிக் கதவைச் சாத்தியதும் எண்ணுவாராம், எண்ணி முடிப்பதற்குள் எந்த எண்ணில் இருந்தோம் என்பது போய்விடுகிறதாம். இரண்டு மாதமாக இப்படி என்றார். அவருக்கும் பயம். அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

"நாளைக்கு வண்டி எடுக்க மாட்டேன். எல்லா வீட்டுக்கும் நீ போன் போடு. நான் போட்டா யாரையாவது விட்டுருவேன்."

அதே படியில் உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தேன். மேலே ஆட்டம் தொடங்கிவிட்டது, எங்கள் இடத்தில் யாரோ உட்கார்ந்தார்கள். முதல் வீட்டில் ஒரு அக்கா எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். பாவம் என்றார், டாக்டரிடம் காட்டச் சொன்னார். அப்புறம் கேட்டார்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"போன சனிக்கெழமையிலேருந்து."

"உங்க பிள்ள இந்த வாரம் வேன்ல வரலன்னு என் மவன் சொன்னான்."

"ஆமாக்கா. வரல."

அவர் போனை வைத்துவிட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பத்து வீடு இருந்தது. அடுத்த எண்ணை அழுத்தினேன்.