செம்புக் காலணாவும் ஒரு முழம் பூவும்

வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில் பூ விற்ற அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. கறுத்து, தாட்டியாக இருப்பார். முழம் அளந்த பிறகும் ஒரு கண்ணி கூட விட்டுத்தான் நூலை அறுப்பார்.

ஒரு கிருத்திகையன்று, கண் தெரியாத பெரியவர் ஒருவர் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பூ வாங்கிக்கொண்டு செம்புக் காலணா ஒன்றை நீட்டினார். அணாக் கணக்கு ஒழிந்து பல வருடம் ஆகியிருந்தது. செல்லாதே என்று சொல்ல வாயெடுத்தேன். பூக்காரம்மா முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டேன். அவர் காசை வாங்கிச் சத்தமில்லாமல் மருமகளிடம் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு பெரியவரை உள்ளே அழைத்துப் போனாள்.

"பானை நெறைய சேத்து வச்சிக்கினு கீறாரு சார். அத்தனையும் செல்லாதுன்னு சொல்ல வூட்ல யாருக்கும் மனசு வரல. மருமவ இத்த மறுபடி பானையில போட்டுடும்."

"அவருக்குத் தெரியாதா?"

"ஓரம் நெளிஞ்ச காசு சார் இது. பானையில அவ்ளோ கீது, மாசா மாசம் இதையே தடவி எடுத்துக்கினு வராரு. தெரியாதா இன்னா?"

சாமி பார்த்துவிட்டு வந்த பெரியவர் கடையருகே நின்றார்.

"அந்தக் காச செலவு பண்ணிடாதம்மா. செம்பு. பின்னால நல்ல வெலைக்குப் போவும்."

"பத்திரமா வச்சிக்கினு கீறேன், பெரியவரே" என்றார் பூக்காரம்மா, சிரிக்காமல்.

மருமகளின் கை முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. இந்த மூவரில் யார் யாருக்காகப் பொய் சொன்னார்கள் என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை.