போயிட்டு வாங்க என்றது திரை

மதுரையில் உட்கார்ந்துகொண்டு உனக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் என்னடா சம்பந்தம் என்று வீட்டில் கேட்பார்கள். வெளிநாட்டில் ஒரு பந்தய மைதானம். அங்கே குதிரைகள் ஓடி முடித்த பிறகும் ஆட்கள் காசு வைத்து ஆடும் மெஷின்கள் உண்டு. அவற்றின் சாஃப்ட்வேர் எங்கள் ஆபீஸ் பொறுப்பு. நள்ளிரவோடு அணைய வேண்டிய மெஷின்கள் இனி விடியும்வரை ஓடலாம் என்று அங்கே அனுமதி கிடைத்தது. நேரத்தை மாற்றும் வேலையை நான் துள்ளிக்கொண்டு வாங்கினேன்.

பழைய திரையில் கடைசியாக 'நேரம் முடிந்தது' என்று மட்டும் வரும். மொட்டையாக இருப்பதாகப் பட்டது. நம் ஊரில் 'போறேன்' என்று சொல்லி யார் படியிறங்குகிறார்கள்? 'போயிட்டு வாங்க' என்பதை அவர்கள் மொழியில் எழுதிக் கொடுத்தேன். மேனேஜருக்கு ஏகச் சந்தோஷம்.

கூடுதல் நேரம் முழுக்க ஆடிப் பார்த்துச் சோதிக்க ஓர் ஆள் வேண்டும். பக்கத்து சீட் அண்ணனின் பெயரைச் சொன்னதும் நான்தான். அவரளவு பொறுமை எங்களில் யாருக்கும் கிடையாது.

"என்னைய விட்ரு மாப்ள," என்றார்.

"பொம்மைக் காசுதாண்ணே. தோத்தாலும் மதினி வைய மாட்டாக."

அவர் சிரிக்கவில்லை. "சீட்டாட்ட கிளப்ப விட்டு எந்திரிச்சப்ப 'போறேன்'னு சொல்லிட்டு வந்தவன் நான். வாசல்ல நின்னவன்லாம் பதறிட்டான். 'வாரேன்னு சொல்லுடா'ன்னு கெஞ்சுனாங்கெ. சொல்லலையே."

அப்போதே பெயரை மாற்றியிருக்கலாம். சொன்ன வாயால் மேனேஜரிடம் மாற்றிச் சொல்லக் கூச்சம். கொஞ்ச நாள்தானே என்று நழுவிவிட்டேன், அவரும் உட்கார்ந்தார்.

ஒருநாள் மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்தா வாரேன், ஒரே ஆட்டம்." சோற்று டப்பா மூடியபடியே சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியது.

சோதனை முடிந்தது. தினமும் என் பைக்கில்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். திருமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். போன வாரம் பாதி வழியில், கிளப் இருக்கும் தெருமுனையில் நிறுத்தச் சொன்னார்.

"என்னண்ணே, இங்கிட்டு?"

"சும்மா எட்டிப் பாத்துட்டு வாரேன்."

"போறேன்னு சொல்லிட்டு வந்த இடம்ல இது?"

"அம்புட்டு ஞாபகம் இருக்கா ஒனக்கு?" ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நீதானய்யா எழுதுன, போயிட்டு வாங்கன்னு."

அவர் உள்ளே போன பிறகும் வண்டியை அணைக்காமல் நின்றேன். போன் அடித்தது. அவர் மனைவி.

"உங்கண்ணே பஸ் ஏறிட்டாகளா தம்பி?"

"வந்துருவாரு மதினி," என்றேன்.