எண்ணெய் குடித்த காபி ஃபில்டர்

என் அம்மா சீராகக் கொடுத்த பித்தளை காபி ஃபில்டரை அனுபவித்தது ஒரு மோட்டார் சைக்கிள்தான். அதில் நான் காபி போட்டது இரண்டு வருஷம்கூட இருக்காது. அதற்கப்புறம் அது இறக்கியதெல்லாம் என்ஜின் ஆயில்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் கோலார் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத்தார் கொடுத்த லைன் வீட்டில் இருந்தோம். ஒரே அறை. நடுவில் ஒரு தட்டி, தட்டிக்குப் பின்னால் அடுப்பு. முன்பக்கம் ஒரு கட்டில், அதில் என் மாமனார். இளமை முழுவதும் பூமிக்கு அடியில் பாறை உடைத்தவர். அந்தத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டதால் எழுந்து வாசல்வரை வருவதே அவருக்குப் பெரிய பிரயாணம். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் எதிரே மலையாகக் குவிந்து கிடந்தது. சயனைடு மேடு என்போம். காற்றடித்தால் அந்த வெள்ளைத் தூள் சோற்றிலும் விழும், அவர் மூச்சிலும் ஏறும். அதனால் பட்டப்பகலிலும் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருப்போம்.

கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து என் வீட்டுக்காரர் தூங்குவார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர். பாத்திரத்தைச் சத்தம் வராமல் வைக்க வேண்டும். ஒருவர் இருமுவார், ஒருவர் குறட்டை விடுவார், நான் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பேன். கல்யாணமான முதல் வருஷம் அப்படியே போயிற்று. சும்மா சொல்லக்கூடாது, இருவரும் நல்லவர்கள். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கொடுமைக்காரர்கள் என்றால் சண்டை போட்டாவது வெளியே வந்திருப்பேன்.

டீச்சர் டிரெயினிங் முடித்திருந்ததால் பூதிகோட்டைப் பள்ளியில் எனக்குத் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. கன்னடத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கென்ன, கோலாரில் பிறந்தவளுக்குக் கன்னடம் வராதா? பிரச்சினை பஸ்தான். ராபர்ட்சன்பேட்டையில் முதல் பஸ் பிடித்து, பங்காரப்பேட்டையில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்காக நின்று போய்ச் சேர்ந்தால் அங்கே மணி அடித்து ஒரு பாடம் முடிந்திருக்கும். சாயங்காலம் திரும்பி வருவதற்கு பஸ் பரவாயில்லை. காலையில் கதைக்காகாது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிடித்து வந்தார். என்னைக் காலையில் கொண்டுபோய் விடுவதற்காகவே முறை மாறாமல் மாதம் முழுவதும் நைட் ஷிஃப்டே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. வெளியே போகப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. என்ஜின் உள்ளே சேரும் காற்று வெளியேற ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாய், வண்டி சுத்தமான காற்றை இழுக்கும் ஏர் பாக்ஸில் போய்ச் சேரும். எங்கள் வண்டியில் காற்றோடு எண்ணெயும் கிளம்பி வந்து பெட்டியை நனைத்துவிடும். கொஞ்ச தூரம் போனதும் வெள்ளைப் புகை, அப்புறம் திக்கல், அப்புறம் கேழ்வரகுக் கொல்லை ஓரத்தில் நிற்கும். அவர் பெட்டியைக் கழற்றித் துடைப்பார். நான் கையில் புடவை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு ரோட்டைப் பார்ப்பேன். வாரத்தில் பாதி நாள் லேட்.

தலைமையாசிரியர் மரியாதைக்காரர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அதற்கப்புறம் சொன்னார். இன்னொரு தடவை மணிக்குப் பிறகு வந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆள் பார்த்துவிடுவாராம். பரீட்சைக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வருவார், அதுவரை ஒழுங்காக வந்தால் நிரந்தரத்துக்கு எழுதுவாராம். தட்டியும் சுவரும் இருமலும் கண்முன் வந்து நின்றன.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் வண்டியைப் பிரித்தார். முதலில் அந்தக் குழாயில் துணியை அடைத்தார். காற்று போக வழியில்லாமல் என்ஜினின் மூட்டுக்கு மூட்டு எண்ணெய் கசிந்து என் புடவை போயிற்று. பிறகு பவுடர் டப்பாவில் தேங்காய் நாரைத் திணித்து நடுவில் வைத்தார். நார் ஊறி, பெட்டிக்குள் துண்டு துண்டாகப் போனது. அப்புறம் ரப்பர் குழாயை ஹேண்டில்பார் வரைக்கும் தூக்கி வளைத்து இறக்கினார். எண்ணெய் மேலே ஏறாது என்று கணக்கு. அதுவும் ஏறியது. லைனில் இருந்த அத்தனை பேரும் வந்து பார்த்தார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாரும் போகும்போது தவறாமல் ஒன்று சொன்னார்கள்.

"எண்ணெய மட்டும் கொறைய வுடாதப்பா. ஃபுல்லா வச்சுக்க."

கடைசியில்தான் அவர் கண் காபி ஃபில்டர்மேல் விழுந்தது. மேல் அடுக்கில் குழாயை நுழைத்தால் எண்ணெய் ஓட்டை வழியாகக் கீழ் அடுக்கில் சொட்டும், காற்று மட்டும் பெட்டிக்குப் போகும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. நான் தர மாட்டேன் என்றேன்.

"வேல வேணுமா, காப்பி வேணுமா?" என்றார்.

கொடுத்துவிட்டேன். குழாய் மாட்ட இரண்டு வாய்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து, வண்டிப் பக்கவாட்டில் இரும்புப் பட்டை போட்டுக் கட்டினார். புகை நின்றது. ஆனால் பாதி வழியில் கீழ் அடுக்கு நிறைந்து வழியும். நிறுத்தி, கழற்றி, கொட்டிவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு நாளும் மணி அடிக்கும் நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் குதிப்பேன்.

சாயங்காலம் ஃபில்டரைக் கழுவுவது என் வேலை. என்னுடையதாயிற்றே. ஒரு வாரம் ராபர்ட்சன்பேட்டைக் கடையில் ஆயில் வரவில்லை. வீட்டு டின்னும் காலி. ஊற்ற எண்ணெய் இல்லாமல் அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தார். அந்த வாரம் முழுவதும் ஃபில்டரில் ஒரு சொட்டுகூட இல்லை. கடைசி நாள் பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் ஆயில் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். காலையில் குறைவாகத் தெரிந்த எண்ணெய் சரியான அளவில் நின்றது. ராத்திரி நிற்கும்போது எண்ணெய் என்ஜின் அடியில் இறங்கிவிடுகிறது, ஓடினால் மேலே வருகிறது. இவர் தினமும் காலையில் குறைந்துவிட்டது என்று விளிம்புவரை ஊற்றுகிறார். மிச்சமானது வேறு எங்கே போகும்?

அன்றைக்கே சொன்னேன். "நீங்க ஊத்தாத நாள்ல ஃபில்டருக்கு எண்ணெய் வரவே இல்லீங்க. ஊத்தாதீங்க, போதும்."

அவர் முகம் மாறிவிட்டது. அவருக்கு வைண்டிங் என்ஜின் வீட்டில் ஆயில்மேன் வேலை. ஆட்களைச் சுரங்கக் கிணறான ஷாஃப்டுக்குள் இறக்கி ஏற்றும் கூண்டை இழுக்கிற பெரிய மிஷின் அங்கே இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது எண்ணெய்க் கிண்ணங்களை விளிம்பு தட்ட நிரப்பிவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டும். அந்த ஆள் விரலை வைத்துப் பார்ப்பான். விரலில் எண்ணெய் படாவிட்டால் மிஷினை ஏற்றுக்கொள்ள மாட்டான்.

"எண்ணெய் கொறஞ்ச மிஷின்ல உன்ன ஒக்கார வச்சி இட்டுகினு போக மாட்டேன். கூண்டு நடுவுல நின்னா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாது."

கட்டிலிலிருந்து மாமனார் குரல் வந்தது. மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

"டேய், அன்னிக்கி எண்ணெய் கம்மியில்லடா. கரண்ட்டு பூட்ச்சி. எத்தினி வாட்டி சொல்றது?"

இவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாமனார்தான் மீதியைச் சொன்னார். இவர் வேலையில் சேர்ந்த புதிதில் கூண்டு பாதி ஷாஃப்டில் நின்றுபோனது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இருட்டில் நெருக்கியடித்து நின்ற ஆட்களில் மாமனாரும் ஒருவர். மேலே இவர் எண்ணெய்க் கேனைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கிண்ணத்தில் குறை வைத்தோம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாராம். எல்லாம் நிறைந்திருந்தது. கரண்ட் வந்ததும் கூண்டும் வந்துவிட்டது. ஆனால் இவருக்கு மட்டும் அந்தக் கூண்டு இன்னும் மேலே வந்து சேரவில்லை.

அதற்கு மேல் அவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது? நான் நெய்க்கரண்டியின் காம்பைச் சுவரில் வைத்து வளைத்தேன். அது தொட்டியின் வாய்க்குள் சரியாக நுழைந்தது. ஆயில் மறுபடி கிடைக்கத் தொடங்கியதும், தினமும் காலையில் அவர் ஊற்றிவிட்டு முகம் கழுவப் போவார். நான் அவசரமாக மொண்டு மொண்டு டின்னுக்குள் திரும்ப விடுவேன். மூடியைத் துடைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொள்வேன். புகை இல்லை, வழியில் நிற்பது இல்லை, மணிக்கு முன்னாலேயே வகுப்பில் இருப்பேன். எல்லாம் காபி ஃபில்டர் செய்த வேலை என்று லைனே பேசியது. வண்டி வைத்திருந்த இரண்டொருவர் அவரவர் வீட்டு ஃபில்டரைக் கொண்டுவந்து கட்டிப்போனார்கள். அந்த வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை என்னென்று சொல்வது!

எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. அந்த அறையை விட்டு வெளியே போக நான் தினமும் திருடி மாதிரி இதைச் செய்ய வேண்டியிருந்தது. ஒருநாள் தவறினால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும்.

தவறியது இன்ஸ்பெக்டர் வரும் நாளன்றுதான். விடிந்ததிலிருந்து மாமனாருக்கு இருமல் நிற்கவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்து, சுடுதண்ணீர் புகட்டி, அவரைச் சாய்த்து உட்காரவைப்பதற்குள் வெளியே வண்டி உறுமிவிட்டது. பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடிவந்து ஏறினேன். கரண்டி ஆணியிலேயே தொங்கியது.

வழி முழுவதும் பின்னால் திரும்பிப் புகையைத் தேடினேன். பங்காரப்பேட்டை தாண்டியது. வழக்கமாக நிற்கும் கொல்லை தாண்டியது. பூதிகோட்டையில் பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது மணி இன்னும் அடிக்கவில்லை. குனிந்து ஃபில்டரின் கீழ் அடுக்கைத் திருகிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

அவர் என்னைப் பார்க்காமல் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இன்னிக்கி நீ எடுக்க முடியாதுன்னு தெரியும். அதான் ஊத்தல."

"எப்பலேருந்து தெரியும்?" என்றேன்.

"டின்னு கொறையவே இல்லியே. ஆயில்மேனுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் தெனமும் ஊத்துனீங்க?"

"ஊத்தாம வண்டிய எடுத்தா கை நடுங்குது. நீ எடுத்துடுவன்னு தெரிஞ்சப்புறம்தான் நிம்மதியா ஊத்துனேன்." ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அந்தக் கையோடுதான் அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறார்.

மணி அடித்தது. "போ, போ, இன்ஸ்பெக்டர் வந்துடப்போறார்" என்று வண்டியைத் திருப்பினார். மற்ற நாட்களில் இறங்கியதும் திரும்பிப் பாராமல் உள்ளே ஓடுவேன். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். ராத்திரி முழுவதும் விழித்த மனிதர், நான் தப்பித்து வந்த அந்த அறைக்கு, அந்த இருமலுக்கு, திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். வீடு போய்ச் சேர்ந்ததும் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொள்வார்.