ஓட்டம் பார்க்க ஆள் சேர்த்தவர்

பால் பூத் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "தங்கசாமி நேத்து சாயங்காலம் போயிட்டாராம். ஹார்ட்" என்றார். டில்லி கோல் மார்க்கெட்டில் எங்களுக்கு எல்லாச் செய்தியும் அந்த வரிசையில்தான் வரும். நான் பாலை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். செய்தி கேட்டதும் பதறி ஓடினேன் என்று எழுதினால் அவரே நம்ப மாட்டார். அலுவலகத்தில் பதினெட்டு வருடம் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரன் நான்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஸ்டெனோ தங்கசாமி. சங்கரன்கோவில்காரர். டில்லியில் தமிழ் ஸ்டெனோக்களுக்குப் பஞ்சமில்லை என்றாலும் பெரிய கூட்டங்களுக்குக் குறிப்பெடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். விளையாட்டுக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆஸ்துமா வேறு. பஸ் கிளம்பினால் நாங்கள் ஓடுவோம், அவர் நிற்பார். "அடுத்த பஸ்ஸும் அங்கதான்வே போவுது" என்பார்.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு குளிர்காலத்தில், விளையாட்டுக் கல்வி பற்றி நடந்த கருத்தரங்கில் குறிப்பெடுக்கப் போனார். ஜமைக்காவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை பேச வந்திருந்தார். அந்தச் சின்னத் தீவு குறுந்தூர ஓட்டத்தில் பெரிய பெரிய நாடுகளை எப்படி முந்துகிறது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நம்மவர்கள் அங்கே தின்னும் கிழங்கைப் பற்றிக் கேட்டார்கள், மண்ணைப் பற்றிக் கேட்டார்கள், ரத்தத்தைப் பற்றிக்கூடக் கேட்டார்கள். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு யார் வருவார்கள்?" என்று திருப்பிக் கேட்டாராம். ஓர் அதிகாரி, "சீஃப் கெஸ்ட் வருவார்" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து அம்மாள் சிரித்துவிட்டார்.

அவர் சொன்ன காரணம் வேறு. தங்கள் தீவில் பள்ளிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்றால் சந்தையில் வியாபாரமே படுத்துவிடும். வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன பழைய மாணவர்கள்கூட டிக்கெட் எடுத்து வந்துவிடுவார்கள். பையன்களுக்குக் கத்துகிற அதே தொண்டையால் பெண்களுக்கும் கத்துவார்கள். அதுவும் இன்னார் மகள் என்று வீட்டைச் சேர்த்துச் சொல்லிக் கத்துவார்கள். ஊரே தன்னைப் பார்க்கிறது என்று பத்து வயதிலேயே தெரிந்துகொண்ட பிள்ளை ஓடாமல் என்ன செய்யும் என்று கேட்டாராம். "இதெல்லாம் கதை" என்று அதிகாரி அறிக்கையில் அந்தப் பகுதியை அடித்துவிட்டார். கிழங்கு மட்டும் தப்பியது. அந்த மாதம் எங்கள் குடியிருப்பில் பிள்ளைகள் இருந்த வீடுகளில் எல்லாம் சேப்பங்கிழங்குதான்.

தங்கசாமி மட்டும் அடிபட்ட பகுதியைப் பிடித்துக்கொண்டார். டில்லியின் குளிர்கால மதியங்களில் அரசு அலுவலகப் புல்வெளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலை உரித்துக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டும் கும்பல் கும்பலாக வெயில் காய்வோம். சாப்பாட்டு நேரம் அரை மணி என்று அரசாங்கம் நினைத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அவர் எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கூட்டம் இருக்குவே. மொகந்தான் வேற பக்கம் திரும்பியிருக்கு" என்றார்.

மந்திர் மார்க் சாலையில் எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளியின் விளையாட்டு விழாவுக்கு அந்த வருடமே ஆள் சேர்த்துக்கொண்டு போனார். போனவர்கள் ஏழு பேர். அதில் ஒருவர் கடலைக்காரர். வியாபாரம் நடந்து போகிறதே என்று பின்னாலேயே போனவர். ஓடுகிற பிள்ளைகளின் பெயரையும் பெற்றோர் பெயரையும் முன்கூட்டியே விசாரித்து, கார்பன் வைத்து டைப் அடித்து, எல்லோர் கையிலும் ஒரு தாள் கொடுத்திருந்தார். "பேரு தெரியாமக் கத்துனா அது வெறும் எரைச்சல்" என்பது அவர் கட்சி. அடுத்த வருடம் இன்னும் பெரிய கூட்டம். எங்கள் குடியிருப்பில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த முனியம்மாவின் மகள் வெறுங்காலோடு ஓடியபோது, செக்‌ஷன் ஆபீசர் முதல் பியூன் வரை எழுந்து நின்று "முனியம்மா மக! முனியம்மா மக!" என்று கத்தினார்களாம். அந்தம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

"எங்கய்யா உங்க ஜமைக்கா? ஒரு மெடலையும் காணோமே?" என்று நாங்கள் சீண்டுவோம். அவருக்குக் கோபம் வராது. "மொதல்ல பாக்குற ஆளு தயாராவட்டும்வே. ஓடுற ஆளு தானா வருவா" என்பார்.

நான் போகவில்லை. என் மகள் சித்ரா அந்தப் பள்ளியில்தான் படித்தாள், நூறு மீட்டர் ஓடினாள். ஏழாம் வகுப்பிலிருந்து மூன்று வருடம் அவர் கூப்பிட்டார். "அரை நாள் லீவுதானே சந்தானம். சேத்து வச்ச லீவ எங்க கொண்டு போவப் போறீரு?" என்பார். "பொண்ணு ஓடி என்ன ஆகப்போகுது? போர்டு எக்ஸாம்ல ஓட்டத்துக்கா மார்க் போடறான்?" என்பேன் நான். ஒன்பதாம் வகுப்பில் அவள் இறுதிப் போட்டிக்கு வந்தாள். நாடாளுமன்றக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அந்த வேலை மத்தியானமே முடிந்துவிட்டது.

நாலு மணிக்குத் தங்கசாமி திரும்பி வந்தார். தொண்டை கட்டியிருந்தது, மூச்சு இழுத்தது. என் மேஜை முன்னால் நின்றபடியே சொன்னார்: "எட்டுப் பிள்ளைய. உம்ம மக மூணாவது கோடு. விசில் ஊதுனதும் அவதான் மொதல்ல கெளம்புனா. அம்பதுல பக்கத்துல ஆளே இல்ல. எம்பது மீட்டர் வரைக்கும் அவதான்வே! கடைசி இருபதுல மூச்சு வாங்கிட்டு. மூணாவதா வந்தா." நான் "அச்சா" என்றேன். ஃபைலில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வீட்டில் சித்ராவிடம் ஓட்டத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. கணக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டேன். அடுத்த வருடம் அவள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை என்று தங்கசாமிதான் வந்து சொன்னார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இப்போது அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

யமுனைக் கரையில் தங்கசாமியின் காரியங்கள் முடியும் நேரத்தில் சித்ரா வந்து சேர்ந்தாள். இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள். பர்மிஷன் போட்டுவிட்டு நேராக வந்திருந்தாள். திரும்பும்போது இருவரும் ஒரே ஆட்டோவில் வந்தோம். ஏதாவது பேச வேண்டுமே என்று, "அன்னிக்கு நீ ஓடினதை எங்கிட்ட வந்து சொன்னார். கடைசியில உனக்கு மூச்சு வாங்கிடுச்சுன்னார்" என்றேன்.

"மூச்செல்லாம் வாங்கலப்பா" என்றாள். "அங்கிளும் கூட வந்தவங்களும் 'சந்தானம் மக, சந்தானம் மக'ன்னு கத்தினாங்க. உங்க பேரைக் கேட்டதும், நீங்க வந்துட்டீங்கன்னு நினைச்சுத் திரும்பிப் பார்த்தேன். அதுக்குள்ள ரெண்டு பேர் தாண்டிப் போயிட்டாங்க. அப்புறம் அங்கிள் எங்கிட்ட வந்து ஸாரி சொன்னார், பாவம். அவர் என்ன பண்ணுவார்?"

எனக்கு அழுகை வந்தது. தங்கசாமிக்காக அழுதேன் என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஒரு சொல் விடாமல் குறிப்பெடுக்கிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர், என் முகத்தைப் பார்த்ததும் அந்த ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கிறார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஓட்டம். முதல் எண்பது மீட்டரை அவர் சொன்னார். கடைசி இருபது மீட்டரைச் சித்ரா சொன்னாள். என் மகள் ஓடியதை நான் முழுதாகக் கேட்டிருக்கிறேன்.